மனு எழுதிப் பிழைப்பவனின் மனு

அனுப்புநர்: கிராம எழுத்தன், பையூம் வட்டாரம், எகிப்து.

பெறுநர்: மனுப் பிரிவு, தாலமி அரண்மனை, அலெக்சாந்திரியா.

நகல்: ஐந்நூற்றுவர் அவை, ஏதென்ஸ்.

பொருள்: பொதுமக்கள் மனு எழுதுவதை அறவே கைவிட்டு, வழியில் போகிற வீரரிடம் குறை சொல்லிக்கொள்வதைத் தடுத்து நிறுத்தக் கோருதல்.

பார்வை: ஏதுமில்லை. முன்பு அனுப்பியவற்றுக்குப் பதில் வந்திருந்தால் அல்லவா எண்ணைக் குறிப்பிட முடியும்?

மாட்சிமை தங்கிய அரண்மனைச் சமூகத்திற்கு,

மன்னர் தாலமியின் பெயரைப் போட்டுத்தான் எங்கள் தொழிலில் ஒவ்வொரு மனுவையும் தொடங்குவோம். இப்போது அதிலேயே சிக்கல். ஆண்டு கி.மு. 49. அரியணையில் பதின்மூன்றாம் தாலமி இருக்கிறார். அரியணையில் சரிபாதி கேட்கும் அவருடைய அக்கா ஏழாம் கிளியோபாட்ரா வெளியே இருக்கிறார். யார் பெயரை எழுதினாலும் மற்றவருக்குக் கோபம் வரும். ஆகவே இடம் விட்டிருக்கிறேன். ஜெயிக்கிறவர் பெயரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது 2017 அக்டோபர் 27 அன்று யூபிசாஃப்டின் மாண்ட்ரியல் கூடத்திலிருந்து வெளிவந்த எகிப்தைப் பற்றி. வெளியில் அது ‘அசாசின்ஸ் கிரீட்: ஒரிஜின்ஸ்’ என்ற வீடியோ ஆட்டம். அடுத்த அக்டோபரில் அதே நிறுவனத்தின் கியூபெக் கூடம் கிரேக்கத்தைக் கட்டி ‘ஒடிஸி’ என்று பெயர் வைத்தது. நகல் ஏதென்ஸுக்குப் போவது அதனால்தான். அவர்களுக்கும் எங்களுக்கும் ஏறக்குறைய நானூறு ஆண்டு இடைவெளி இருந்தாலும் வியாதி ஒன்றே.

எங்கள் தொழிலின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்துக்கு வெளியே இருந்த நிஜ பையூமில், கி.மு. 220 வாக்கில், ஃபிலிஸ்டா என்ற பெண் பொதுக் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தார். ஊழியன் ஒருவன் கொதிநீரைக் கொண்டுவந்து அவர் மேல் கொட்டிவிட்டான். வயிறும் இடது தொடையும் வெந்துபோயின. அந்த அம்மாள் அரிவாளைத் தூக்கவில்லை. மன்னருக்கு மனுப் போட்டார். மன்னர் அதைப் படித்திருப்பார் என்று நானே நம்ப மாட்டேன். படித்தது மாவட்ட அதிகாரியின் அலுவலகம். இப்படிப்பட்ட மனுக்களின் அடியில் அந்த அலுவலகம் எழுதுகிற குறிப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: முடிந்தால் ஊரிலேயே சமாதானம் செய்துவை, முடியாவிட்டால் இங்கே அனுப்பு. சமாதானம் ஆகாவிட்டால் இன்னொரு மனு. அதை எழுத எனக்கு இன்னொரு கூலி. நாடு இப்படித்தான் நடந்தது.

ஆட்டத்துக்குள் இதே ஃபிலிஸ்டா வெந்திருந்தால் நடப்பதே வேறு. அவர் தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி மிதக்கும். ஆட்டத்தின் நாயகர் பயெக் குதிரையிலிருந்து இறங்குவார். ‘யார் செய்தது?’ என்பார். குளியலறை ஊழியன் எக்காரணத்தாலோ ஒரு கோட்டைக்குள் பதுங்கியிருப்பான். பயெக் கழுகை அனுப்பி வேவு பார்த்து, சுவரேறி, வழியில் நிற்கிற காவலர்கள் அத்தனை பேரையும் சாய்த்து, ஊழியனையும் முடித்துவிட்டு வந்து அம்மாளிடம் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்வார். கொதிநீர் வழக்கில் இருபது பிணம். மாவட்ட அதிகாரிக்குத் தகவல்கூடப் போகாது. எனக்கு ஒரு செப்புக்காசு வரும்படி கிடையாது.

பயெக் மீது எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். மனிதர் தங்கம். மகனைப் பறிகொடுத்தவர். பாலைவனத்தில் கல் வட்டங்களுக்கு நடுவே நின்று நட்சத்திரங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, அந்தப் பிள்ளையோடு பேசிய பேச்சு அவர் காதில் கேட்கும். கல்நெஞ்சக்காரனான எனக்கே தொண்டை அடைக்கும். ஆனால் அவர் வகிக்கும் பதவிதான் எனக்குப் புரியவில்லை. தன்னை ‘மெட்ஜாய்’ என்கிறார். கடைசி மெட்ஜாய் என்றும் சொல்லிக்கொள்கிறார். அந்தக் காவல் பதவியின் பெயர் இருபதாம் வம்சத்தோடு ஏடுகளிலிருந்து மறைந்து ஆயிரம் ஆண்டாகிறது. ஆயிரம் ஆண்டாக நியமன ஆணை இல்லாத பணியிடத்தில் ஒருவர் வேலை பார்க்கிறார் என்றால், தணிக்கைப் பிரிவு என்ன செய்துகொண்டிருக்கிறது?

காவலர் நிலைமையையும் கவனிக்க வேண்டும். சிவா சோலையில் நிற்கும் காவலன் ஒரே வெட்டில் விழுகிறான். தூரத்து வட்டாரங்களில் அதே உடுப்பில் நிற்பவனுக்கோ தலையில் அம்பு தைத்தாலும் கொசு கடித்தது மாதிரி. கேட்டால் ‘நிலை’ வேறாம். கிரேக்கத்தில் இதற்கும் ஒரு படி மேல்: வீரர் வளர வளர எதிராளியும் கூடவே வளர்கிறான். அவ்வளவு உழைத்து வளர்ந்ததற்கு என்னதான் பலன்? அந்த உழைப்பைச் சுருக்க அந்த ஆட்டத்தின் கடையில் நிஜப் பணத்துக்கு ‘அனுபவப் புள்ளி ஊக்கி’ விற்றார்கள். எங்கள் வரி வசூலிப்பவர்களுக்குக்கூட இது தோன்றியதில்லை.

இனி ஏதென்ஸ் அவைக்கு.

ஐயாமாரே, நீங்கள் ஐந்நூறு பேர். குலத்துக்கு ஐம்பது பேராகச் சீட்டுக் குலுக்கி எடுக்கப்பட்டவர்கள். உங்கள் ஊரில் ஆண்டுதோறும் ஆறாயிரம் நடுவர்கள் பெயர் பதிகிறார்கள். உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னால் நாளுக்கு மூன்று ஒபோல் படி உண்டு. கிளியோன் உயர்த்திக் கொடுத்தது. இப்படி வழக்குப் பைத்தியம் பிடித்த ஊரில் மிஸ்தியோஸ் என்ற கூலிப்படையாள் ஒருவரைக் கொன்றால் நடப்பது என்ன? தலைக்கு விலை வைக்கிறார்கள். வேட்டையாட ஆள் வருகிறது. உடனே கொலையாளி வரைபடத்தைத் திறந்து, ஒரு பொத்தானை அழுத்தி, அந்த விலையைத் தானே கட்டிவிடுகிறார். வழக்கு முடிந்தது. நடுவர் ஆறாயிரம் பேரும் வீட்டில் ஆலிவ் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

அதைவிட மோசம் மெகாரிஸ் வட்டார விவகாரம். அங்கே ஸ்பார்ட்டாவின் பக்கம் நின்று உங்கள் பிள்ளைகளை வெட்டிச் சாய்த்த அதே மிஸ்தியோஸ், பெயர் கசாண்ட்ரா, பிறகு ஏதென்ஸுக்கு வந்து பெரிக்ளீஸ் வீட்டு விருந்தில் சாக்ரடீஸோடு பேசிக்கொண்டிருக்கிறார். வாசலில் நின்றவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்புறம் வட்டாரம் வட்டாரமாகப் போய் இன்று உங்களுக்காக, நாளை ஸ்பார்ட்டாவுக்காக என்று போரிடலாம். இரு தரப்பும் கூலி கொடுக்கும். போர் மட்டும் முடியாது. பெரிக்ளீஸ் கி.மு. 429-இல் கொள்ளைநோயில் போனவர் என்பது உலகறிந்தது. ஆட்டத்தில் அவரையும் கத்திக்குத்தான் பலி கொடுத்தார்கள். நோயில் செத்தவருக்குக்கூட ஒரு கொலைகாரன் தேவைப்படுகிற ஊராகிவிட்டது உங்கள் ஊர்.

ஆனாலும் ஒன்றில் நீங்கள் எங்களை மிஞ்சிவிட்டீர்கள். கெஃபலோனியாத் தீவில் காய்ச்சல் கண்ட குடும்பம் ஒன்றைப் பூசாரி கொல்லப் பார்க்கிறார். மனமிரங்கி அவர்களைக் காப்பாற்றினால், பிறகு தீவு முழுக்க நோய் பரவுகிறது. கசாண்ட்ரா நல்லது செய்ததாக நினைத்துக் கப்பலேறிப் போய்விட்டார், ஊர் அழுகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தவன் எவனுக்கும் இந்தக் காட்சி வயிற்றைப் பிசையும். எங்கள் எகிப்தில் பயெக்கின் கருணைக்கு இப்படி ஒரு விலை வைக்க யாரும் துணியவில்லை. மற்றபடி நாடு பெரிது, கடல் பெரிது, கப்பல் உண்டு, மெடூசா உண்டு என்று நீங்கள் அடுக்குவதற்கெல்லாம் நான் அசைய மாட்டேன். எங்களிடம் வருகிறவர் ஊர்க்காரர். உங்களிடம் வருகிறவர் முதலில் எத்தனை டிராக்மா என்று கேட்கிறார்.

(இதே நிறுவனம் 2016-இல் ‘ஃபார் கிரை பிரைமல்’ என்று கி.மு. 10,000-க்கும் ஓர் உலகம் கட்டியது. மொழியியலாளர்களை வைத்து அந்த ஆட்களுக்கென்று ஒரு பாஷையே உருவாக்கினார்கள். அவர்களிடம் எனக்கு வழக்கில்லை. எழுத்து வராத காலம். மனு எழுதச் சொல்வது நியாயமாகாது.)

என் வயிற்றெரிச்சல் எங்கே என்று இப்போது சொல்கிறேன். கட்டுகிறவர்கள் சோம்பேறிகள் அல்ல. பெரிய பிரமிடுக்குள், ழான்-பியர் ஊதான் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருக்கலாம் என்று ஊகித்த அறைகளைக்கூடக் கட்டிவைத்தார்கள். ஏதென்ஸில் சிலைகளுக்கு அந்தக் காலத்தில் இருந்ததுபோலவே வண்ணம் பூசினார்கள். இத்தனை அக்கறை உள்ளவர்கள் பாப்பிரஸை என்ன செய்தார்கள்? புதையல் குறிப்பாக்கிவிட்டார்கள். கோவிலில் ஒரு சுருளை எடு, விடுகதையைப் படி, சொன்ன இடத்தில் தோண்டு, வாள் கிடைக்கும். ஏதென்ஸ்காரர்களே, உங்கள் ஓட்டாஞ்சில்லுக்கும் அதே கதிதான். ஆறாயிரம் பேர் வாக்களித்தால் எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரையும் பத்து ஆண்டு ஊரைவிட்டு அனுப்பக்கூடிய சில்லு அது. ஆட்டத்தில் அதிலும் விடுகதை. விடுவித்தால் வாளில் பொறிக்க ஒரு வேலைப்பாடு பரிசு. கல்லை அப்படியே வைத்துக்கொண்டு, சாமானியன் அதிகாரத்தின் முகத்துக்கு நேரே நீட்டிய காகிதத்தையும் ஓட்டையும் மட்டும் ஆயுதக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

2018 பிப்ரவரியில் ‘டிஸ்கவரி டூர்’ என்ற பதிப்பு வந்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. சண்டையே கிடையாது, 75 சுற்றுலாக்கள், பள்ளிப் பிள்ளைகள் நடந்தபடியே பாடம் கேட்கலாம். வரலாற்றை எங்கே வளைத்தோம் என்பதையும் இடையிடையே ஒப்புக்கொண்டிருந்தார்கள். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கொலையை எடுத்த கையோடு சிலைகளின் இடுப்பில் சிப்பியை ஒட்டிவிட்டார்கள். முந்தைய பதிப்பில் கழுத்தறுத்துக்கொண்டே அந்த அம்மணச் சிலைகளைத் தாண்டிப் போனார்கள், யாருக்கும் கூச்சமில்லை. கொலை போனபிறகுதான் வெட்கம் வந்தது. அடுத்த ஆண்டு வந்த கிரேக்கச் சுற்றுலாவில் வழிகாட்டிகளும், முடிவில் வினாடி வினாவும் சேர்ந்தன. நல்லதுதான்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். அரண்மனை வாசலில் எனக்கு ஒரு பாயும், நாணல் பேனாவும், மைக்கூடும், வரிசையில் நிற்க மக்களும் தரவேண்டும். பயெக்கும் வரட்டும், வரிசையில் நிற்கட்டும். தலைக்கு மேல் ஆச்சரியக்குறி வேண்டாம். மனுவின் அடியில், முடிந்தால் சமாதானம் செய் என்று யாராவது ஒருவர் எழுதினால் போதும். சலிப்பாக இருக்கும் என்றால், ஆமாம், இருக்கும்.

நடவடிக்கை எடுக்க உத்தேசமில்லை என்றால் ஒரு சிறு உதவி. இதைத் தூக்கி எறிந்துவிடாமல் எங்கள் ஊர் முதலையின் வயிற்றில் திணித்துவிடச் சொல்லுங்கள். டெப்டுனிஸில் அப்படித்தான் செய்தார்கள்: மென்கெஸ் என்ற கிராம எழுத்தரின் கணக்குகளும் மனுக்களும் பழங்காகிதமாகிப் புனித முதலை மம்மிகளுக்குள் போயின. 1900-இல் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அங்கே தோண்டியபோது, மனித மம்மிக்குப் பதில் முதலையாகவே வருகிறதே என்ற எரிச்சலில் கூலியாள் ஒருவர் ஒன்றை உடைத்தார், காகிதம் கொட்டியது. அன்றிலிருந்து அறிஞர்கள் அவற்றை வரி விடாமல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்தைவிட முதலைக்குள் போன மனுவுக்கே மதிப்பு அதிகம்.

பயெக்கிடம் மட்டும் சொல்லிவையுங்கள்: தோலுக்காக முதலையைக் குத்தும்போது கொஞ்சம் வயிற்றைத் தவிர்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கிராம எழுத்தன், பையூம் வட்டாரம்.

இணைப்பு: எழுதுகூலி ரசீது, ஒன்று. அரண்மனை செலுத்தவேண்டியது.