மூளைக்கும் அரைப்பேர்

"மருந்தில்லை, ஊசியில்லை, மூளைக்குப் பயிற்சி மட்டுமே" என்கிற அந்த நியூரோஃபீட்பேக் விளம்பரம் இந்த வாரம் தலவாக்கலை தொடங்கி அக்கரப்பத்தனை வரை ஒரு கைப்பேசியையும் விட்டுவைக்கவில்லை. அனுப்பியவர்கள் அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை. படித்துவிட்டு அனுப்புகிற வழக்கம் நம்மிடம் எப்போது இருந்தது? படித்திருந்தால் கடைசி வரியில் இடறி விழுந்திருப்பார்கள்: "தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரவும்." நியூரோஃபீட்பேக்கைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் சகித்துக்கொள்ளலாம். எண்ணெய் வைக்காத தலையோடு லயத்து வாசலைத் தாண்ட நம் அம்மாமார் விடுவார்களா? தை மாதத்தில் குழாய்த் தண்ணீர் கத்தியாய் வெட்டுகிற திம்புள்ளயில், வாரம் இரண்டு தரம் தலை முழுகி, காயவைத்து, அப்படி முப்பது நாற்பது செஷன் போய்வர வேண்டும். மூளை திருந்துவதற்குள் சளி நெஞ்சில் இறங்கிவிடும். இந்த எண்ணெய்ச் சிக்கலுக்கு வழி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், போகிறவர் எதை எதிர்பார்க்கலாம் என்பதைப் பார்த்துவிடுவோம்.

முதல் நாள் கேள்வித்தாள்: தூக்கம் எப்படி, கோபம் எப்படி, கவனம் எப்படி. பிறகு உச்சந்தலையிலும் காதுகளிலும் பசையைத் தடவி வயரை ஒட்டுவார்கள். எண்ணெயை வேண்டாம் என்றவர்கள் வைக்கிற பசை, ஆறிப்போன கஞ்சி மாதிரி முடியில் காயும். பயப்பட ஒன்றுமில்லை, தலைக்குள் மின்சாரம் எதுவும் போகாது. 1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலையைப் பதிவுசெய்தாரே, அதே வேலைதான். வயர் கேட்கும், பேசாது. எதிரே திரையில் ஒரு படம் ஓடும். வேண்டிய அலை எழுந்தால் படம் தெளியும், 'டிங்' என்று மணி அடிக்கும். அலை இறங்கினால் படம் மங்கும். "என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டால், "ஒன்றும் செய்யாதீர்கள், மூளை தானே கற்றுக்கொள்ளும்" என்பார்கள். 1960களில் கலிபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் பூனைகளை இப்படித்தான் பழக்கினார். வினாடிக்கு 12 முதல் 15 வரை அலை காட்டிய பூனைக்குப் பாலும் கோழி சூப்பும் கிடைத்தன. நமக்குக் கிடைப்பது மணிச்சத்தம். பால்மா விற்கிற விலைக்கு அது நியாயந்தான்.

இந்த ஏற்பாடு அமெரிக்கர்களுக்கு ஒரு புதுமையாக இருந்திருக்கலாம். நமக்கு எதற்கு விளக்கம்? இது கொழுந்து மடுவம். மூளை கொழுந்தெடுக்கிறது, கணினிக் கங்காணி தராசைப் பிடிக்கிறார். குறித்த கிலோ வந்தால் டிங், முழுப்பேர். வராவிட்டால் படம் மங்கும், அரைப்பேர். மழை நாளில் ஈரக் கொழுந்துக்குக் கழிப்பது போல இங்கேயும் கழிவு உண்டு. கண்ணைச் சிமிட்டினாலோ பல்லைக் கடித்தாலோ தசையிலிருந்து வரும் மின்சாரம் மூளையலையை விடப் பெரிதாகப் பதிவாகும், அதையெல்லாம் தள்ளித்தான் நிறுக்க வேண்டும். எவ்வளவு தள்ளுகிறார்கள் என்று எட்டிப் பார்க்க மடுவத்திலும் முடியாது, இங்கேயும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேல் அந்த இலக்கு. மூளை கொஞ்சம் பழகி மணி அடிக்கடி அடித்தால் இலக்கை உயர்த்திவிடுவார்கள். பயிற்சியின் இலக்கணமே அதுதான். 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வந்த கையோடு கிலோவையும் கூட்டிவிட்டார்கள் என்று பல தோட்டங்களில் குரல் எழுந்ததே, அந்தக் கணக்கு இந்தக் கணினிக்கும் தெரிந்திருக்கிறது. பெரட்டுக்குப் பிந்தினால் மூளையைத் திருப்பி அனுப்புவார்களா, ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒன்றரைப்பேர் உண்டா, இந்த மூளைக்கு சந்தா வெட்டத் தொழிற்சங்கம் எது என்பதையெல்லாம் விளம்பரத்தில் போட இடமில்லைபோலும்.

சரி, பலன் உண்டா? "போனவர்கள் குணமானார்களே" என்பார்கள். ஆனார்கள், மறுக்கவில்லை. 2021இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் கவனக்குறைவுள்ள 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு 38 செஷன் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மையான பயிற்சி. மற்றவர்களுக்கு வேறொரு பிள்ளையின் பதிவான அலையை வைத்து மணி அடித்தார்கள், பக்கத்து நிரைக்காரியின் கொழுந்தை நிறுத்து நமக்குப் பேர் போடுகிற மாதிரி. முடிவில் இரண்டு பகுதியும் தேறின, கிட்டத்தட்ட ஒரே அளவில். 2024 டிசம்பரில் 'ஜமா சைக்கியாட்ரி' இதழில் இதே கவனக்குறைவு பற்றிய 38 ஆய்வுகளை, 2,472 பேரை ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று தெரியாதவர்கள் மதிப்பிட்டபோது, சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை. நெடுநாள் வழக்கத்திலுள்ள சில முறைகளில் மட்டும் சின்னதாக ஒன்று எட்டிப் பார்த்தது. "பெங்களூர் நிம்ஹான்ஸிலேயே தலைக்காயக்காரர்களுக்குச் செய்து பார்த்திருக்கிறார்களே" என்றால், ஆராயட்டும், ஆராய்வது அவர்கள் வேலை. ஆராய்ச்சிக்கு உட்காருவதும், சங்கிலியை அடகுவைத்து உட்காருவதும் ஒன்றாகுமா? "கெடுதல் இல்லையே, செய்து பார்த்தால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. சிலருக்குத் தலைவலியும் அசதியும் வருவதுண்டு, அது போகட்டும். கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் நாலைந்து மணி நேரம், கினிகத்தேனை வளைவுகள், நாற்பது தரம் போய்வர அரைப்பேருமில்லாத நாற்பது நாள். அதைவிட மோசம், "மருந்தில்லை" என்ற சொல்லை நம்பி வலிப்பு மாத்திரையை நிறுத்துவது. அதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் செய்துவிடாதீர்கள்.

அப்படியானால் இரண்டு பகுதிப் பிள்ளைகளையும் தேற்றியது எது? வயரைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். நாள் போவதே பாதி மருந்து. மீதியில், 38 தரம் ஒரு நாற்காலி, யாரும் கூப்பிடாத கொஞ்ச நேரம், "இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க ஒரு பெரியவர். இதற்கும் பங்கு இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் அந்த நாற்காலியை எங்கே போடுவது? அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் காசில்லாமல் கேட்பார்கள், 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைத்தாலும் கேட்பார்கள். ஆனால் அங்கே வயர் இல்லை, மணி இல்லை. ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்றே நாம் ஒத்துக்கொள்வதில்லை, வெறுமனே காதுகொடுத்துக் கேட்பவரை எப்படி ஒத்துக்கொள்வோம்? அந்தக் கிளினிக் நேரத்தை ஒரு கைப்பேசியாவது அடுத்த கைப்பேசிக்கு அனுப்பியதா? எண்ணெய்க்கு வழி சொல்வதாகச் சொல்லியிருந்தேன். இந்த எரிச்சலில் உச்சந்தலை கொதிக்கிறது. அதற்கு என்ன வைக்க வேண்டும் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.