சுழலுக்கு வலை

விமான இறக்கையில் சுழலும் காற்றைக் கம்ப்யூட்டரில் வலை போட்டுப் பிடிக்கிறார்களாமே, காற்று வலையில் சிக்குமா சார்?
*– வாசகர், கம்பைநல்லூர்*

தென்பெண்ணையில் அயிரை மீனுக்குப் பெரிய கண் வலையை வீசினால் என்ன சிக்கும்? இங்கேயும் அதேதான். காற்றுவெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுவதுதான் அந்த வலை. கட்டம் பெரிதாக இருந்தால், நிஜத்தில் இறக்கைக்குப் பின்னால் பல கிலோமீட்டர் நீளும் சுழல், கணக்கில் சீக்கிரமே கரைந்து காணாமல் போய்விடும். எல்லா இடத்திலும் பொடிக் கட்டம் போடலாமே என்பீர்கள். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை 8 மடங்கு. நேர இடைவெளியையும் பாதியாக்கினால் வேலை 16 மடங்கு! அதனால் முதலில் சுமாராக ஒரு கணக்கு. சுழல் எங்கே என்று தெரிந்ததும் அங்கே மட்டும் கட்டம் தானாகப் பொடியாகும்.

தொல்லை தரும் சுழலுக்கு இத்தனை மரியாதையா?
*– அதே வாசகர்*

2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த நம் தேஜஸ் போர் விமானத்தைக் கேளுங்கள். முக்கோண இறக்கை, பின்னால் வாலிறக்கை கிடையாது. மூக்கைத் தூக்கிப் பறக்கையில் இறக்கையின் மேல் உருளும் சுழல்தான் அதற்குக் கூடுதல் தூக்குவிசை தருகிறது.

பெரிய விமானத்தின் இறக்கை நுனியில் கிளம்பும் சுழலோ, பின்னால் வரும் சிறிய விமானத்தைப் புரட்டிவிடும். ரன்வேயில் அடுத்த விமானத்தைச் சில நிமிடம் காக்க வைப்பது அதற்காகத்தான். திட்டாதீர்கள்.