பத்தாண்டுக் கெடு

கேள்வி: மனநல மருத்துவர், போதை மீட்பு ஆலோசகர் பற்றாக்குறையைச் சட்டம் போட்டுத் தீர்க்க முடியுமா?
- வாசகர், ஆனைக்குட்டம்

பதில்: சட்டம் வந்துவிட்டது, ஆட்கள்தான் வந்தபாடில்லை! மக்கள்தொகைக்கேற்ற மனநலப் பணியாளர்களைப் பத்தாண்டுக்குள் உருவாக்க அரசு முயல வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. ஆக, கெடு 2028 மே மாதம் முடிகிறது.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில், மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 நோயாளிகள் தீக்கு இரையானார்கள். அதைப் பார்த்த நாட்டில் இன்றும் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் என்ற கணக்குகூடத் தேறவில்லை.

அரசு மருத்துவமனை டாக்டர்கள் எல்லோருக்குமே அடிப்படை மனநலச் சிகிச்சைப் பயிற்சி தரச் சொல்வதும் அதே பிரிவுதான். உடனே கைகொடுக்கும் வழி இது. அந்தப் பயிற்சி ஒழுங்காக நடந்தால், குடியை விட்டதும் கை நடுங்கும் பட்டாசுத் தொழிலாளி ஒருநாள் கூலியை இழந்து விருதுநகருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் சிகிச்சை கிடைக்கும். அதுவரை அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் இருக்கிறது, எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.