கால்மிதி அல்ல

"என்ன மதினி, கால்மிதியா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என் நாத்தனார். கேட்டதோடு நின்றாளா? தரையில் விரித்திருந்ததைக் குதிகாலால் ஓர் அழுத்து அழுத்தி, "பஞ்சு கொஞ்சம் கம்மி" என்று சான்றிதழும் கொடுத்தாள்.

அது மடிப்போர்வை. பூந்தோட்டம். நடுவில் மஞ்சளாக ஓர் அறுகோணம். அதைச் சுற்றி ஒரே நிறத்தில் ஆறு. அதையும் சுற்றி வேறு நிறத்தில் பன்னிரண்டு. வெளியே வரப்பாகப் பச்சை. 1930களில் அமெரிக்காவில் பிழைப்பு கெட்டுக் கிடந்த காலத்தில், வீட்டு மிச்சத் துணியில் பெண்கள் தைத்துத் தள்ளிய வகை இது. 'பாட்டியின் பூந்தோட்டம்' என்றே பேர். அந்தப் பாட்டிகளை யாரும் கால்மிதியா என்று கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே குளிர். மதுரையில், கத்திரி வெயிலில் கத்திரியும் கையுமாக உட்கார்ந்து மடிக்குப் போர்வை எதற்கு என்று நீங்களும் கேட்பீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

அறுகோணங்களை மூலை பிசகாமல் இணைப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் துணி வேண்டும். துணி என்றால் பிளவுஸ் பிட்.

என் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க அதுதான். உங்கள் பீரோவிலும் அதுதான், மறைக்க வேண்டாம். கொலு, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று தேங்காயோடு வந்து சேர்ந்தவை. தேங்காய் சட்னியாகி விடுகிறது, பிட் இருக்கிறது. ஒவ்வொன்றும் 80 சென்டிமீட்டர். எலும்பும் தோலுமாக இருப்பவள் போய் நின்றாலும் டெய்லர் இன்னும் 20 சென்டி கேட்கிறார். நிறமோ, எந்தப் புடவைக்கும் சேராது. சேர்ந்துவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் சாயத்தில் முக்குகிறார்கள்.

தைக்க முடியாததை என்ன செய்வது? வைத்துக் கொடுப்பதுதான். யாருக்கு? நமக்கு வைத்துக் கொடுத்தவர்களைத் தவிர எல்லாருக்கும். இதில் பிசகினால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நிற்காது. அதனால் உறை மூலையில் பென்சிலால் 'ப.வீ.' என்று குறித்து வைப்பேன், பரமக்குடி வீடு. குறிக்கப் போனால் அங்கே ஏற்கெனவே 'கா.அ.' என்று எழுதி அழித்த தடம். அதற்கடியில் இன்னொரு தடம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வில்லங்கச் சான்று மாதிரி முந்தைய உரிமையாளர்கள் அத்தனை பேரும் வரிசையாகத் தெரிகிறார்கள். ஒரு பிட்டில் என் மாமியார் கையெழுத்தே இருந்தது. அவர் காலமானபின்னும் அந்தத் துணி சுற்றிக்கொண்டிருக்கிறது.

இத்தனை ஊர் பார்த்த துணிக்குத் திமிர் இருக்காதா? மடித்தே கிடந்த இடத்தில் வெளுத்த கோடு விழுந்திருக்கும். எந்த இஸ்திரிக்கும் அசையாது. பழைய கல்யாணப் பத்திரிகையை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் கால் அங்குலம் ஓரம் விட்டுத் துணியை மடித்து நூலோட்டம் போட வேண்டும். பருத்தி சொன்ன பேச்சு கேட்கும். இது பாலியஸ்டர். சூட்டைக் கூட்டினால் சுருண்டு பொசுங்கும். குறைத்தால் மடித்த ஓரம் மறுபடி எழுந்து நிற்கும். ஒரு இதழை மடக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், முதல் இதழ் "நான் வரேன்" என்று கிளம்பிவிடுகிறது. குங்குமப் பொட்டலம் வெடித்த கறை வேறு. அதைப் பூவின் நடுவில் வைத்துச் சமாளித்தேன்.

பன்னிரண்டு ஊதா இதழும் நாத்தனார் கொடுத்த பிட்தான். குதிகாலை ஊன்றியது அதன்மேல்தான். அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? உறையைப் பிரித்துப் பார்த்திருந்தால் அல்லவா?

இப்போது எதிர்வீட்டு அம்மா பேத்தியின் சடங்குக்கு அழைத்துவிட்டுப் போகிறார். வெறுங்கையோடு போக முடியாது. பீரோவைத் திறந்தால் எல்லாம் அறுகோணமாகக் கிடக்கிறது. கடைக்குத்தான் போக வேண்டும். சொந்தக் காசில் பிளவுஸ் பிட் வாங்குகிற முதல் பெண்பிள்ளை இந்தத் தெருவில் நானாகத்தான் இருப்பேன்.