பாருக்குப் போகாத பிள்ளைகள்

கேள்வி: பொது இடத்தில் புகை பிடிக்கத் தடை போட்டால் குழந்தைகளுக்கு என்ன லாபம்? அவர்கள் என்ன, பாரில் போய் உட்காரவா போகிறார்கள்?

பதில்: ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் 26 அன்று பப், உணவகம், அலுவலகம் என்று கூரையும் சுவரும் உள்ள பொது இடங்களில் புகைக்குத் தடை வந்தது. ‘வெளியே விரட்டினால் மனுஷன் வீட்டுக்கு வந்து பிள்ளையின் தலைமாட்டில் ஊதுவான்’ என்று பயந்தவர்கள் உண்டு. நியாயமான பயம்தான். அடுப்படியிலிருந்து விரட்டிய பூனை கூடத்துக்குத்தானே வரும்?

வரவில்லை. தடைக்கு முன், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேருவது ஆண்டுக்கு 5 சதவீதம் கூடிக்கொண்டிருந்தது. தடைக்குப் பின் ஆண்டுக்கு 18 சதவீதம் போலக் குறைந்ததாக கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் எழுதினார்கள். பள்ளிக்கூடமே போகாத வாண்டுகளுக்கும் அதே கதை. (முழுப் புகழும் சட்டத்துக்கே என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், மருந்துகளும் சும்மா இருந்திருக்காது.) பப்பில் எழுந்து வெளியே போய்ப் பிடித்துப் பழகிய கால், வீட்டிலும் தானாக வாசலுக்கு நடந்திருக்கிறது. சின்ன மூச்சுக்குழல், வேகமான சுவாசம். புகை குறைந்தால் முதலில் பிழைப்பது பிள்ளைகள்தான்.

கார் மட்டும் பாக்கி இருந்தது. மூடிய கண்ணாடி, பின்சீட்டில் பிள்ளை. 18 வயதுக்குட்பட்டவர் உள்ளே இருந்தால் பிடிக்கக்கூடாது என்ற சட்டம் அங்கே 2016 டிசம்பரில்தான் அமலுக்கு வந்தது. பத்து வருஷம்! பப்பைக்கூட விட்டுக்கொடுத்தவருக்குச் சொந்தக் காரை விட மனசு வர வேண்டாமா?