கீறல் படாத லேத்

தருமபுரியில் ஒரு பட்டறைக்காரர் பழைய எச்.எம்.டி. லேத்தைப் புதுப்பித்திருக்கிறார். துரு சுரண்டி, பேரிங் மாற்றி, கியர்பாக்ஸைக் கழுவ இரண்டு வாரம். நிறம் முடிவு செய்ய இரண்டு ஆயுத பூஜை. நியாயமான கணக்கு.

1953-ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி., ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தோடு கைகோத்து லேத் செய்தது. மைக்ரானைப் பற்றியே கவலைப்பட்டார்கள் போலும், பாவம். அமெரிக்க நிற ஆலோசகர் ஃபேபர் பிர்ரனோ, கண்ணுக்கு இதம் என்று தொழிற்கூடங்களுக்கு இளம்பச்சையைச் சிபாரிசு செய்தவர். அவருக்கு நம்மூர்த் தேர்தல் தெரியாது. பச்சை, நீலம், சிவப்பு எதை அடித்தாலும் ஏதோ ஒரு கொடி வந்து நிற்கும். "மாம்பழ மஞ்சள் அடிங்க மாமா" என்றான் மருமகன். இந்த மாவட்டத்தில் அது நிறமா, சின்னம்!

கடைசியில் உடம்புக்கு மெட்டாலிக் சில்வர், சக்கரப் பிடிகளுக்குத் தங்கம். ஆயில் ஓட்டைகளையும் பெயின்டர் விட்டுவைக்கவில்லை. இனி எண்ணெய்ச் செலவு மிச்சம். டயலில் இருந்த அளவுக்கோடுகள் மூன்று கோட் பெயின்டுக்கு அடியில் நிம்மதியாக உறங்குகின்றன. கோடே இல்லாத இடத்தில் அளவு எப்படித் தப்பும்?

பூஜை முடிந்த மறுநாள், பென்னாகரத்திலிருந்து ஒருவர் மோட்டார் ஷாஃப்ட்டோடு வந்தார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் கடைஞ்சு குடுங்க."

"இதுலயா? பெயின்ட் கீறிடும்ப்பா. பின்னாடி ஷெட்டுக்கு வா, துருப்பிடிச்சது ஒண்ணு கெடக்கு. அதுல அடிச்சுத் தர்றேன்."