காஞ்சிபுரம் வரை வந்த போன்

புள்ளலூரில் உட்கார்ந்துகொண்டு, காஞ்சிபுரத்திலிருந்து வர வேண்டியதற்காக வழி பார்த்துக் கண் பூத்த முதல் ஆள் நானில்லை. எனக்கு முன்னால் ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் கர்னல் பெய்லி இருக்கிறார். 1780-இல் குண்டூரிலிருந்து படையோடு இறங்கி வந்தவர், வழியில் கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தில் மாட்டி, ஒருவழியாகக் கரையேறி எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தார். அவருடைய தளபதி ஹெக்டர் முன்ரோ பெரிய படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தார். பீரங்கிச் சத்தம் காதில் விழுகிற தூரம்தான். பெய்லி ஆள் மேல் ஆள் விட்டும் முன்ரோ தான் வராமல், கர்னல் ஃபிளெட்சரோடு சுமார் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பிவைத்தார். செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பெய்லி பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் போனார், திரும்பவில்லை. முன்ரோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு நடையைக் கட்டினார்.

இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பெய்லிமேல் எனக்கு ஒரு பரிதாபமும் வரவில்லை. ‘உங்கள் பார்சல் காஞ்சிபுரம் வந்தடைந்தது’ என்று பழைய போனில் ஒரு செய்தி வந்து, அதன் பிறகு ஒன்றுமே வராமல் கிடந்தபோதுதான் அந்த மனிதர் எப்படித் தவித்திருப்பார் என்று புரிந்தது.

பார்சலில் இருந்தது போன். சாதாரணப் போன் இல்லை, பேனா வைத்த போன். இந்த ஆசைக்கு வயசு அதிகம். 2011-இல் சாம்சங் முதல் கேலக்ஸி நோட்டை இறக்கியபோது அதன் திரை 5.3 அங்குலம். இவ்வளவு பெரிய பலகையை எவன் காதில் வைத்துக்கொள்வான் என்று ஊரெல்லாம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அதைப் பார்த்துவிட்டு, கல்யாணப் பட்டு எடுக்க வந்த சொந்தக்காரர்களையே மறந்து நின்றேன். விலை 35,000 ரூபாய்க்குப் பக்கம். பகலில் உரக்கடையும் ராத்திரியில் எழுத்தாளன் என்ற நினைப்புமாக வாழ்பவனுக்கு அது எட்டாத விலை. பகல் பிழைப்பு யூரியா மூட்டைக் கடனில் ஓடியது. ராத்திரி நினைப்புக்கு மட்டும் ஒரு குறை: அந்தப் பேனா கையில் இருந்தால் நாவல் தானாக இறங்கிவிடும்.

வருஷா வருஷம் புது நோட்டு வந்தது, திரை வளர்ந்தது, என் நாவலும் மனசுக்குள் வளர்ந்தது. கடைசியில் அதே மாதிரிப் பேனா வைத்த 6.8 அங்குல எஸ் 24 அல்ட்ராவில் வந்து நின்று, விலை கொஞ்சம் இறங்கியதும் மாதத் தவணையில் துணிந்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். “போன்ல பேனா இன்னாத்துக்கு? கையில விரல் இல்ல?”

2007-இல் ஐபோனை மேடையில் காட்டியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் எழுப்பிய கேள்வியும் ஏறக்குறைய இதுதான். ஆனால் எட்டு வருஷம் கழித்து அவருடைய கம்பெனியே ஐபேடுக்குப் பென்சில் விற்க ஆரம்பித்தது. என் வீட்டில் கொள்கைகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

அம்மாவின் கவலை வேறு. “இது வெடிக்கிற போனு இல்லியே?” 2016-இல் நோட் 7 உலகம் முழுக்கத் தீப்பிடித்து, விமானத்தில் எடுத்துப் போகக்கூடாதென்று தடை வந்து, கடைசியில் கம்பெனியே அதற்கு மூடுவிழா நடத்தியதை டிவியில் பார்த்தவள். அந்த மாடல் இந்தியாவில் கடைக்கே வரவில்லை என்றேன். “வராததே அப்படின்னா, வந்தது எப்படி இருக்கும்?” என்றாள். வெடிமருந்து வண்டி வெடித்த ஊர்க்காரியிடம் வாதாடிப் பயனில்லை.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலை பார்க்கும் தம்பி முறைப் பையனிடம், உள்ளே சொல்லிச் சீக்கிரம் வரவழைக்க முடியுமா என்று விசாரித்தேன். “அண்ணே, இங்க ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின், டிவி. போனெல்லாம் நொய்டால. உனக்கு ஃபிரிட்ஜ் வேணும்னா சொல்லு” என்றான். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் செய்த போனுக்குக் காஞ்சிபுரம் வரை வழி தெரிந்திருக்கிறது. மிச்ச வழியில்தான் ஹைதர் அலி நிற்கிறார் போலிருக்கிறது.

முதலில் வந்தது கவர். போனுக்குப் போடும் கவர், தனியாக, ஒரு பெரிய அட்டைப்பெட்டியில். ஃபிளெட்சரின் படையைப் பார்த்த பெய்லியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு மத்தியானம் டெலிவரிப் பையன் கூப்பிட்டான்.

“ண்ணா, லேண்ட்மார்க் சொல்லுங்க.”

“வெள்ளைக்காரன் நினைவுத்தூண் ரெண்டு இருக்கும்பா, 1781-ல இங்கயே நடந்த இன்னொரு சண்டையில செத்தவங்களுக்கு.”

“அது பெட்ரோல் பங்குக்கு முன்னாடியா, பின்னாடியா?”

ஒரு வழியாக வந்து சேர்ந்தான். பெட்டியைக் கொடுக்குமுன் தன் சின்னப் போனை நீட்டி, “விரலால சைன் போடுங்க” என்றான். பேனா வைத்த போனை வாங்குவதற்கு விரலால் கையெழுத்துப் போட்டேன். மழைக்கு வெளியே வந்த மண்புழு மாதிரி ஏதோ ஒன்று திரையில் நெளிந்தது. அதுதான் நான் என்று ஒப்புக்கொண்டு போய்விட்டான்.

பெரியப்பா காத்திருந்தார். எட்டாவது முடித்தவர், ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் அவர்தான். பேனாவை உருவி ஆராய்ந்தார். “மை எங்க ஊத்துறது?” மையும் வேண்டாம், எழுதுவதற்கு பேட்டரியும் வேண்டாம் என்றேன். திரைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கம்பி வலை இருக்கிறது. அது காந்தப் புலத்தை எழுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதிலிருந்தே சக்தி வாங்கி, தான் எங்கே நிற்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று திருப்பிச் சொல்கிறது. ஜப்பான் வாக்கம் கம்பெனி வளர்த்த வித்தை. பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்துத் திரையில் கிழித்துப் பார்த்தார். எழுதவில்லை. “சரிதான், நீ சொல்றது நெசம்” என்றார். துடைக்க எனக்கு ஒரு நாள் ஆனது.

பிறகு அவர் எழுதினார். பேனாவை உருவினால் அணைந்திருக்கும் கறுப்புத் திரையிலேயே எழுதலாம் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் வசதியைக் காட்டியதுதான் வினை. ‘யானை’ என்று எழுதினார். 1978-க்கு முன் பள்ளிக்கூடம் போனவர் ஆனதால், ‘னை’க்கு முன்னால் கொம்பு போடாமல், அந்தக் காலத்து வழக்கப்படி ‘ன’வின் தலையிலிருந்து தும்பிக்கை இழுத்தார். பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் வெட்டி எறிந்த தும்பிக்கை; எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-இல் அரசாணையாக வந்தபோதும் பெரியப்பா அதைக் கைவிடவில்லை. போன் திணறியது. ஒரு தடவை ‘யான’ என்றது, இன்னொரு தடவை ‘யாள’ என்றது.

“யானைக்குத் தும்பிக்கை இருக்குன்னே தெரியாத போனுக்கா இவ்ளோ பணம் கொடுத்தே?”

போனைக் குறை சொல்லிப் பயனில்லை. 247 எழுத்தையும் அவரவர் கை ஓட்டத்தில் படிக்க ஒரு இயந்திரத்தைப் பழக்குவது லேசான வேலை அல்ல. பெங்களூர் எச்.பி. ஆய்வகம் தமிழ்க் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டியபோது உருவங்களை 156 வகையாகப் பிரித்துச் சமாளித்தது. அதில் பெரியப்பாவின் தும்பிக்கைக்கு இடம் இருந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தும்பிக்கை இல்லை, ஆனால் புள்ளி இருக்கிறது. வேகமாக எழுதினால் என் புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் விழும். ‘பால் கணக்கு’ என்று எழுதினால் ‘பால க்ணக்கு’ என்று வரும். ஓலையில் எழுதியவர்கள் புள்ளியே வைக்காமல் விட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும் என்று. புத்திசாலிகள்.

நாவலைப் பற்றிக் கேட்கிறீர்களா? தலைப்பை எழுதினேன். எழுத்தின் தடிமனை மாற்றினேன். நிறத்தை நீலமாக்கினேன். காகிதத்தின் நிறத்தைப் பழுப்பாக்கினேன். நாலாயிரத்துச் சொச்சம் அழுத்த நிலைகளை உணரும் பேனாவாம். மெதுவாக அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் முதல் வரி வரவில்லை.

இதற்குள் மனைவி மகளிர் குழுக் கணக்கை அதில் ஏற்றிவிட்டாள். யார் தவணை கட்டினார்கள், யார் நிலுவை, யார் பக்கத்து வீட்டு வளையலை அடகு வைத்துக் கட்டினார்கள் என்பதுவரை குறிப்பு. நிலுவைக்குச் சிவப்பு, கட்டியவர்களுக்குப் பச்சை. பேனா எதற்கு என்ற தன் கேள்வியை அவள் திரும்பப் பெறவில்லை. பேனா என்ற சொல்லையே சொல்வதில்லை, “அந்தக் குச்சியைக் கொடுங்க” என்கிறாள். வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போனும் கூடவே போய்விடும். யூரியா வந்ததா என்று கேட்டு என் வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால், தவணை பாக்கி எவ்வளவு என்று பதில் வருகிறது.

அம்மா கோலம் போடுகிறாள். வெடிக்கும் என்ற பயத்தில் போனைத் தொடாமல், பேனாவை மட்டும் எட்டி நீட்டிப் போடுகிறாள்.

போன வாரம் பெரியப்பா கறுப்புத் திரை முழுக்க ஒரு மனு எழுதி முடித்தார். ஏரிக் கால்வாயில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடப்பது பற்றி, மாவட்ட ஆட்சித் தலைவருக்கு, ‘மேன்மை தங்கிய’வில் தொடங்கி, தும்பிக்கை ஒன்றுவிடாமல். கீழே கையெழுத்தும் போட்டார். அப்புறம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எங்கடா ஒட்டறது?”

நான் வாய் திறக்குமுன் அடுப்படியிலிருந்து பதில் வந்தது. “பின்னாடி ஒட்டுங்க மாமா, அங்க நிறைய இடம் இருக்கு.”

எழுந்து ஓடிப் போனைப் பிடுங்கினேன். அதற்குள் அவர் ஸ்டாம்பை நாக்கில் வைத்து ஈரம் பண்ணியிருந்தார்.